கோவையிலிருந்து பெங்களூரு ஜாவா தினத்துக்கு 11 வண்டி: பெரியவரின் 1969 ஜாவாவை டெம்போவில் ஏற்றலாமா?

சூலூர் ஜாவா 71
ஜூன் 16, 2024

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு, ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் ஜாவா தினம், இந்த வருடம் 14ஆம் தேதி வருகிறது. கோவையிலிருந்து பெங்களூருக்கு 11 வண்டி கிளம்புகிறோம். ஆறு யெஸ்டி ரோடுகிங், மூன்று பழைய ஜாவா, ஒரு யெஸ்டி 175, அப்புறம் 2018க்குப் பிறகு வந்த புது ஜாவா ஒன்று. கூட்டத்தை நடத்திப் போகும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தாத்தாவின் 1971 ஜாவாவை நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஊட்டி வரை போயிருக்கிறேன். இவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

எங்களோடு ஒரு பெரியவர் வருகிறார். வயது 68. அவருடையது 1969 ஜாவா. அவருடைய அப்பா மைசூரில் வாங்கி, திம்பம் வழியாக ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்த வண்டி. அன்று இவர் 13 வயதுப் பையன், பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். இப்போது அதே வண்டியை அதே வழியில் ஓட்டிப் போய், மைசூர் யாதவகிரியில் ஜாவா, யெஸ்டி வண்டிகள் செய்த ஆலை இருந்த தெருவில் ஒரு முறை நிறுத்த வேண்டும் என்கிறார். ஆலை 1996இலேயே மூடிவிட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அவர் 45, 50க்கு மேல் போக மாட்டார். எங்களில் நாலு பேர் 70இல் போய்ப் பழகியவர்கள். போன ஞாயிறு டீக்கடையில் பேசும்போது ஒருவர், "பெரியவர் வண்டியை டெம்போவில் ஏற்றிவிடலாம், அவர் காரில் வரட்டும், பெங்களூரில் இறக்கிக் கொடுக்கலாம்" என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

திட்டம் இது. சனிக்கிழமை காலை கிளம்பி சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக மைசூர். இரவு அங்கே தங்கல். ஞாயிறு விடியற்காலை பெங்களூரு. திங்கள் அன்று கனகபுரா, கொள்ளேகால் வழியாகத் திரும்புவது. வேகம் ஒத்துப்போகாத 11 வண்டியைச் சிதறாமல் எப்படிக் கொண்டுபோவது? திம்பத்தில் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாலுவழிக்காரன்
ஜூன் 16

திம்பம் எதற்கு? அவினாசி, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நாலுவழிச் சாலையில் போங்கள். இரண்டு சக்கர வண்டிக்கு டோல் கிடையாது. எங்கே நின்றாலும் பக்கத்தில் பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க் இருக்கும். 50 வருட வண்டியை 27 கொண்டை ஊசி வளைவில் ஏற்றுவது வீண் வேலை. பெரியவர் வண்டியை டெம்போவில் ஏற்றுவதுதான் அவருக்கும் நல்லது. கோபித்துக்கொண்டாலும் பத்திரமாகப் போய்ச் சேருவார்.

---

கோபி ரோடுகிங்
ஜூன் 17

தம்பி, டெம்போ பேச்சை முதலில் விடுங்கள். அவர் போவது பெங்களூருக்கு இல்லை, அந்தத் தெருவுக்கு. வண்டியைக் கட்டி ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கினால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது?

சேலம் வழி சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நாலுவழிச் சாலையில் 45இல் போகும் வண்டிக்குப் பின்னால் 90இல் பஸ் வரும். எனக்கு அதுதான் பயம். திம்பத்தில் எல்லா வண்டியும் ஒரே வேகம்தான். அங்கே லாரியும் 15, நீங்களும் 15.

நான் கோபிச்செட்டிபாளையம். அப்பாவின் 1984 ரோடுகிங்கை 22 வருடமாக ஓட்டுகிறேன். ஜாவா தினத்துக்கு ஆறு முறை போயிருக்கிறேன். ஆறில் ஒரு பயணத்தை இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கும், அதைச் சொல்கிறேன்.

2016. எட்டு வண்டி. முன்னால் போனவர் நன்றாக ஓட்டுவார், ஆனால் கண்ணாடி பார்க்கும் பழக்கம் இல்லை. என் மச்சான் கடைசி வண்டி. சத்தியில் பெட்ரோல் போடும்போது அவசரப்படுத்தினார்கள். அவன் டேங்கை நிரப்பிவிட்டு மேலே 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) ஊற்றி, ஆட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தான். ஆயில் சரியாகக் கலக்கவில்லை, கீழே குழாயில் இறங்கியது பாதி வெறும் பெட்ரோல். அதோடு பண்ணாரி தாண்டி எங்களைப் பிடிக்க இரண்டாவது கியரில் முழு ஆக்சிலேட்டர். நாங்கள் ஆசனூரில் டீக்கு நின்றபோதுதான் எண்ணினோம். ஏழு.

நான் திரும்பி இறங்கினேன். ஒன்பதாவது வளைவில், எஞ்சின் சூட்டில் இறுகி ஜாம் ஆனதால், சுவரை ஒட்டி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நின்றிருந்தான். பனி இறங்கி ஹெல்மெட் நனைந்திருந்தது. ஒரு மணி பத்து நிமிடம் தனியாக நின்றிருக்கிறான், போனில் சிக்னல் இல்லை. என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. "தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் ஊரில் சிலிண்டர் பேரலைக் கழற்றிப் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் நகத்தால் கீறின மாதிரி நாலு கோடு. மச்சான் அதற்கப்புறம் எங்களோடு வரவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். முன்னால் போகிறவனைப் பிடிப்பது உங்கள் வேலை இல்லை. உங்களுக்குப் பின்னால் வருகிறவன் உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அவன் தெரியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் வரவில்லையா, ஓரம் கட்டுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியிலிருந்து நீங்கள் மறைவீர்கள், அவர் நிற்பார். அப்படியே செய்தி முன்வண்டிவரை தானாகப் போய்விடும். போன் வேண்டாம், ஹாரன் வேண்டாம். ஆனால் 11 பேரும் செய்ய வேண்டும், ஒருவர் விட்டால் சங்கிலி அறுந்தது. நம் வண்டி அதிர்வில் கண்ணாடி தளர்ந்து, பின்வண்டி இரண்டாகத் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லா வண்டியிலும் கண்ணாடி நட்டை இறுக்கச் சொல்லுங்கள். பலர் அழகுக்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார்கள். கண்ணாடி இல்லாத வண்டியைச் சேர்க்காதீர்கள், இதில் தயவு பார்க்க வேண்டாம்.

வரிசை. நீங்கள் முதலில். பெரியவர் உங்களுக்கு அடுத்து, இரண்டாவது. மெதுவான வண்டியைக் கடைசியில் போட்டால் அது நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கும். துரத்துகிற டூ ஸ்ட்ரோக்தான் ஜாம் ஆகும். இரண்டாவது இடத்தில் வைத்தால் அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம், யாரும் அதைச் சொல்லிக்காட்ட வேண்டியதும் இல்லை. புது ஜாவா கடைசியில் வரட்டும். ஃபோர் ஸ்ட்ரோக், லைட் நன்றாக இருக்கும், பிரேக் நன்றாக இருக்கும், தேவைப்பட்டால் முன்னால் ஓடிவந்து சொல்லிவிட்டுத் திரும்பும். டூல்ஸ் பையை அதிலேயே கட்டுங்கள். 11 வண்டி ஒரே நீளமாகப் போனால் கார்க்காரர்கள் முந்த முடியாமல் நடுவில் புகுவார்கள். ஆறும் ஐந்துமாகப் பிரித்து, நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நிதானமான ஆள் ஒருவரை முன்னால் போடுங்கள்.

70இல் போகிற நாலு பேருக்கு நீங்களே நேராகச் சொல்லுங்கள். கோவையிலிருந்து மைசூர் சுமார் 200 கிலோமீட்டர். 70இல் போனாலும் 50இல் போனாலும் வளைவும் டீயும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் வராது.

திம்பத்துக்கு வருவோம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் அது, இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஐந்து மணிக்குக் கோவையில் கிளம்பினால் ஏழரைக்குப் பண்ணாரி. அம்மன் கோயிலில் நின்று கும்பிட்டு, புற்று மண்ணைப் பூசிக்கொண்டு ஏறுங்கள். எஞ்சினுக்கும் அந்தக் கால் மணி நேரம் நல்லது. வளைவுக்கு முன் லாரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது முழு ரோட்டையும் எடுக்கும், வளைவுக்குள் போகாமல் கீழேயே நில்லுங்கள். சரிவில் நின்று திரும்பக் கிளப்புவது நம் வண்டியில் கொஞ்சம் பழக வேண்டிய வேலை. கிக்கரும் கியர் லிவரும் ஒன்றுதானே. நியூட்ரலைத் தேடி, லிவரை உள்ளே அழுத்திப் பின்னால் நிமிர்த்தி உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மறுபடி மடக்கிக் கியர் போடுவதற்குள் வண்டி பின்னால் உருளும். அதனால் முன் பிரேக்கை இந்த வாரமே சரி செய்து வையுங்கள்.

ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கத்தில் கரும்பு லாரிக்காக யானை நிற்கும். அங்கே போட்டோ எடுக்க நிற்காதீர்கள். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, எஞ்சினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

பெட்ரோல். பழைய மாதிரி எல்லா பங்கிலும் 2டி கிடைக்காது, கையோடு கொண்டுபோங்கள். நான் லிட்டருக்கு 40 மில்லி போடுகிறேன். பாதி பெட்ரோல், அதற்கு மேல் ஆயில், அப்புறம் மீதி பெட்ரோல். மூடியைப் போட்டுவிட்டு வண்டியை இரண்டு பக்கமும் பத்து முறை ஆட்டுங்கள். 11 பேரும் ஆட்டி முடிக்கும்வரை யாரும் உதைக்கக் கூடாது. இன்னொன்று, இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம்வரை கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி விறைத்து விரிசல் விடும். குழாயை மாற்றாத வண்டி இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். கார்ப்பரேட்டர் கலவையும் கொஞ்சம் வறண்டு போகும் (காற்று கூடி, எரிபொருள் குறைந்த மாதிரி), அதனால் சூடு கூடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கவனிக்க வேண்டும், அந்த வண்டியோடு மலை ஏறாதீர்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பிளக், பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் கண்டென்சர் ஒன்று, பாயின்ட் ஒரு செட், கிளட்ச் கேபிள் எல்லாம் உதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் பொதுவாக இரண்டு டியூப், செயின் லிங்க், பாயின்ட் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். ஆனி மாதச் சாரலில் பாயின்ட் மூடிக்குள் தண்ணீர் போகும், விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடுங்கள். கிளட்ச் கேபிள் அறுந்தால் பதற வேண்டாம். நம் வண்டியில் கியர் லிவரை அழுத்தும்போதே கிளட்ச் விடும், மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இதைப் பெரியவரிடம் கேளுங்கள், அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். காரப்பள்ளம் தாண்டினால் கர்நாடகம், அங்கே காகிதம் கேட்பார்கள். யாருடையது காலாவதி என்று இன்றே பாருங்கள்.

---

யாதவகிரிக்காரி
ஜூன் 19

நான் மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. ஆலை ஓடிய காலத்தில் எங்கள் பெரியப்பா அங்கே அசெம்பிளியில் இருந்தார். வேலை முடிந்து வரும்போது சட்டையில் 2டி வாசனை இருக்கும், பெரியம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பார். ஆலையை நடத்தியவர்கள் இரானி குடும்பம். ஈரானில் இருக்கும் யஸ்து நகரத்தின் பெயரிலிருந்துதான் யெஸ்டி வந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

யாதவகிரி ரயில் நிலையத்துக்குப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வந்தால் நெரிசல். மூன்றுக்குள் வந்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதி அது. 11 வண்டியும் ஒரே நேரத்தில் ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள், அங்கே வயதானவர்கள் நிறைய.

ஞாயிறு பெங்களூரு போகும்போது ஒன்று கவனியுங்கள். மைசூர் பெங்களூரு விரைவுச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா, மத்தூர், சென்னபட்டணா, ராம்நகர் என்று ஊர் ஊராக நுழைந்து போகும். நேரம் கூடுதலாகும், ஐந்தரைக்கே கிளம்புங்கள். மத்தூரில் வடை சாப்பிடலாம், சர்வீஸ் ரோட்டில் போவதில் அந்த ஒரு லாபம் இருக்கிறது. நஞ்சன்கூட்டில் ரசபாளே வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தப் பெரியவரை ஓட்டி வரவிடுங்கள் அண்ணா.

---

சூலூர் ஜாவா 71
ஜூன் 20

கோபி அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று எல்லோரையும் உட்கார வைத்து, கோபி அண்ணா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். மச்சான் கதை வந்ததும் யாரும் பேசவில்லை. டெம்போ யோசனை சொன்னவரே முதலில், "நான் பெரியவருக்குப் பின்னால் மூணாவதா வரேன்" என்றார். இரண்டு வண்டிக்குக் கண்ணாடி வாங்க வேண்டும். ஒரு ரோடுகிங்குக்கு ஆர்சி முடிந்திருக்கிறது, ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைகிறோம்.

ஒரு சந்தேகம். ஏறுவது சரி. திங்கள் அன்று திம்பம் இறங்கும்போது?

---

கோபி ரோடுகிங்
ஜூன் 20

நல்ல கேள்வி. ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர்கள் இறக்கத்தில் அசந்துவிடுவார்கள். நம் எஞ்சினுக்குத் தனி ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலோடுதான் ஆயில் உள்ளே போகிறது. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆயில் போகாது. இருபது வளைவு அப்படி இறங்கினால் பிஸ்டன் காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகுங்கள். அந்தப் புகை வெளியே வந்தால் ஆயில் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகிப் பிடிக்காது. பாதியில் ஒரு முறை எல்லோரும் நின்று டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் பத்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஓடும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று மந்தமானால், வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால், யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடியுங்கள். அந்த ஒரு விநாடி பின்சக்கரம் பூட்டாமல் காப்பாற்றும். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும்.

---

சூலூர் ஜாவா 71
ஜூலை 17

போய் வந்துவிட்டோம். 11 வண்டியும் ஓடியே போய் ஓடியே திரும்பியது.

திம்பத்தில் நல்ல சாரல். பதினொன்றாவது வளைவுக்கு மேல் பனி, முன்னால் இருந்த வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பதினேழாவதில் யெஸ்டி 175 பிளக் அடைத்து நின்றது. நான் கண்ணாடியைப் பார்த்தபோது பெரியவர் ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றுவிட்டார், அவருக்குப் பின்னால் வந்தவரும். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. எட்டு நிமிடத்தில் பிளக் மாற்றிக் கிளம்பினோம். ஞாயிறு காலை மத்தூர் தாண்டி ஒரு ரோடுகிங்குக்குக் கண்டென்சர் போனது, அதற்கு அரை மணி நேரம். பெங்களூரு போய்ச் சேரும்போது பத்தரை. எத்தனை வண்டி! சிவப்பும் குரோமும், அந்த நீலப்புகையும், எல்லாம் ஒரே சத்தத்தில். இரண்டு குழாயிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை அவ்வளவு பேர் சேர்ந்து எழுப்பி நான் கேட்டதே இல்லை.

யாதவகிரிக்குச் சனிக்கிழமையே இரண்டே முக்காலுக்குப் போயிருந்தோம். அந்தத் தெரு திரும்பும் இடத்தில் பெரியவர் கை காட்டி எல்லோரையும் நிறுத்தினார். வண்டியிலிருந்து இறங்கி ஹாண்டில்பாரை என்னிடம் கொடுத்து, "நீ ஓட்டு தம்பி, நான் பின்னாடி உட்காந்துக்கறேன்" என்றார். 200 மீட்டர் இருக்கும். இரண்டாவது கியரில் போனேன். என் தோளில் கை வைத்திருந்தார். நிறுத்தியதும் இறங்கி, முன்னால் போய் நின்று வண்டியைப் பார்த்தார், கட்டடங்களைப் பார்க்கவில்லை. "அப்பா இங்க நின்னுதான் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்" என்றார். யாரும் ஆக்சிலேட்டரைத் திருகவில்லை அக்கா.

திங்கள் அன்று திம்பம் இறங்கும்போது கோபி அண்ணா சொன்னபடியே பாதியில் நின்று டிரம் தொட்டுப் பார்த்தோம். நாலு வண்டி கை வைக்க முடியாத சூடு. கால் மணி நேரம் உட்கார்ந்தோம்.

ஒரு உதவி வேண்டும். சரிவில் திரும்பத் திரும்பக் கிளப்பியதில் பெரியவர் வண்டியின் கியர் லிவர் ரப்பர் கிழிந்துவிட்டது. கம்பெனி ரப்பர், அந்தக் காலத்துது. புதிதாக விற்பது அளவு சரியாக இல்லை. யாரிடமாவது பழையது இருக்கிறதா?

---

கோபி ரோடுகிங்
ஜூலை 17

என்னிடம் இரண்டு இருக்கிறது, அப்பா எடுத்து வைத்தது. காசெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை மச்சான் கோவைக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பெரியவர் வீட்டு வழியை எனக்குத் தனியாக அனுப்புங்கள். வண்டியைப் பார்க்கணும் என்று அவனும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.